இரவில் படுத்ததா?

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால், எங்கள் கால்நடை மருந்தகத்து வாசலில் காலை எட்டு மணிக்குக் கேட்கப்போகும் முறையீடுகள் எனக்கு முன்கூட்டியே தெரியும். மாடு தீனி எடுக்கவில்லை, பால் பாதியாகிவிட்டது, வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, கணியம்பாடி பக்கத்துக் கிராமங்களில் கலப்பின மாடுகளோடு 14 கோடைகளைக் கழித்த பிறகு, இந்த நான்கும் பெரும்பாலும் ஒரே காரணத்திலிருந்து கிளைப்பவை என்று இன்று சொல்ல முடிகிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் என்னிடம் வந்த மாடுகளுக்கு நான் செய்தது போதாது என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

முதல் கோடையில் ஒரு ஜெர்சி கலப்பினப் பசுவைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பார்த்தேன். ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 105.8 டிகிரி காட்டியது. நல்ல நிலையில் உள்ள மாட்டுக்கு அது 101.5 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணிக் காய்ச்சலைத் தணிக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது சூடு சிறிதும் இறங்கவில்லை. என்னோடு வந்திருந்த கால்நடை ஆய்வாளர், வயதில் மூத்தவர், எதுவும் சொல்லாமல் கிணற்று மோட்டாரைப் போடச் சொன்னார். முக்கால் மணி நேரம் மாட்டின் கழுத்திலும் விலாவிலும் தொடைகளிலும் தண்ணீரைப் பீய்ச்சி, இருவரை நிறுத்திச் சாக்கால் விசிற வைத்தார். சூடு 103க்கு இறங்கியது. மாடு தலையைத் திருப்பித் தொட்டியில் வாய் வைத்தது.

நான் கல்லூரியில் படித்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. காய்ச்சலில், மூளையே உடலின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவை உயர்த்திவிடுகிறது; அந்த அளவை இறக்குவதற்குத்தான் மருந்து. வெப்ப அயர்ச்சியில் மூளை வைத்திருக்கும் அளவு மாறுவதில்லை. உடலில் உண்டாகும் சூட்டையும் வெளியிலிருந்து ஏறும் சூட்டையும் வெளியேற்ற வழியில்லாமல்தான் மாடு தவிக்கிறது. இறக்க வேண்டிய அளவு எதுவும் இல்லாதபோது காய்ச்சல் ஊசி எதை இறக்கும்?

ஆனால் என்னை உண்மையில் மாற்றியது சில ஆண்டுகள் கழித்து ஒரு மே மாதத்தில் நடந்தது. அணைக்கட்டு ஒன்றியத்தில் பாறைக்குன்று ஒன்றின் அடிவாரத்தில் இரண்டு கலப்பின மாடுகளை வைத்து வீட்டை நடத்தும் ஓர் அம்மா, நான்காவது முறையாக மருந்தகத்துக்கு வந்தார். நான் சொன்னபடி நண்பகலில் மாட்டைப் புங்கமரத்து நிழலில் கட்டுகிறார், இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிறார். ஆனாலும் வேளைக்கு ஆறு லிட்டர் கறந்த மாடு மூன்றுக்கு வந்துவிட்டது. “ராத்திரியெல்லாம் நின்னுக்கினே கீது டாக்டரம்மா, படுக்கவே மாட்டேங்குது” என்றார். அந்தச் சொல் மனத்தில் தங்கிவிட்டது. மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன்.

வெளியே முற்றத்தில் காற்று ஓரளவு தணிந்திருந்தது. கொட்டகைக்குள் நுழைந்ததும் முகத்தில் வெக்கை அடித்தது. ஏழடி உயரத்தில் போட்ட சிமெண்ட் ஷீட். மூன்று பக்கமும் செங்கல் சுவர். நான்காவது பக்கம் திருட்டுக்குப் பயந்து தகரக் கதவு. கையை உயர்த்தி ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டேன். அந்த நேரத்திலும் வெதுவெதுப்பு போகவில்லை. மாடு நான்கு காலையும் அகட்டி, கழுத்தை நீட்டி நின்றுகொண்டிருந்தது. விலா ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 76. ஓய்வில் இருக்கும் மாட்டுக்கு அது முப்பது, நாற்பது அளவில் இருக்க வேண்டும். அறுபதைத் தாண்டினாலே வெப்பம் அதைப் பாதிக்கிறது என்று பொருள். சூரியன் எழுவதற்கு முன்பே 76 என்றால், அந்த மாடு முந்தைய பகலின் சூட்டை இன்னும் இறக்கி முடிக்காமலேயே அடுத்த பகலுக்குள் போகிறது.

மாடு பகலில் ஏற்றிக்கொள்ளும் சூட்டை இரவில் இறக்கிக்கொள்வதுதான் இயற்கை. அதன் உடல் சூடு உச்சிப்பொழுதில் உச்சத்தைத் தொடுவதில்லை. பல மணி நேரம் பின்தங்கி, மாலையிலோ முன்னிரவிலோதான் உச்சத்துக்குப் போகிறது. இரவில் சில மணி நேரமாவது காற்று 21 டிகிரி செல்சியஸை ஒட்டிக் குளிர்ந்தால், கடுமையான பகலிலிருந்தும் மாடு பெரும்பாலும் மீண்டுவிடும். வேலூரில் மே மாத இரவுகள் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காமல் போவது வழக்கம். சுற்றிலும் உள்ள மொட்டைப் பாறைக்குன்றுகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்குகின்றன என்று இங்குள்ளவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை. அதற்கு மேல் ஒரு மூடிய கொட்டகையையும் போட்டால் மாட்டுக்கு இரவு என்பதே இல்லை. நாங்களோ நண்பகல் நிழலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

படுக்காத மாட்டின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை விவசாயிகளுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் “தின்னாததால் பால் குறைந்தது” என்ற விளக்கம் பாதிதான் சரி. வெயிலில் வாடும் மாடு தின்னும் அதே அளவு தீவனத்தைக் குளிர்ந்த இடத்தில் உள்ள மாட்டுக்கும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், பால் இழப்பில் ஏறத்தாழ பாதிக்கு மட்டுமே தீவனக் குறைவு காரணமாக இருந்தது. சாதாரணமாகப் பட்டினி கிடக்கும் மாடு தன் உடல் கொழுப்பைக் கரைத்து உடலை ஓட்டிக்கொண்டு, சர்க்கரையை மடிக்கு மிச்சப்படுத்தும். வெப்பத்தில் தவிக்கும் மாடு அப்படிச் செய்வதில்லை. அதன் இரத்தத்தில் இன்சுலின் உயர்ந்தே இருப்பதால் கொழுப்பு கரையாமல் நிற்க, உடல் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் பாலுக்கு மடி ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸைக் கேட்கிறது. அதிலிருந்து உண்டாகும் லாக்டோஸ்தான் பாலுக்குள் தண்ணீரை இழுக்கிறது. சர்க்கரை மடிக்குப் போகாவிட்டால் பாலின் அளவு குறையத்தான் செய்யும். அது போதாதென்று, சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்குத் திருப்பப்படுவதால் குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து, குடல் சுவரின் காவல் தளர்கிறது. கிருமிகளின் நஞ்சு உள்ளே கசிய, அதை எதிர்க்கும் வேலைக்கும் அதே சர்க்கரைதான் செலவாகிறது.

எச்சில் ஒழுகுவதை விவசாயிகள் கோமாரி என்று அஞ்சுவதுண்டு. வாயையும் குளம்பையும் பார்த்து அது இல்லை என்று உறுதிசெய்த பின்னும் அந்த எச்சிலை நான் அலட்சியப்படுத்துவதில்லை. மாட்டின் எச்சிலில் உள்ள பைகார்பனேட்தான் வயிற்றின் புளிப்பை ஆற்றுவது. அசை போடுவது குறைவதால் எச்சில் சுரப்பு குறைகிறது, சுரப்பதில் ஒரு பங்கு தரையில் வழிகிறது. வேகமாக இரைப்பதால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி இரத்தம் காரமாகும்போது, அதைச் சரிசெய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. இப்படி மூன்று வழியிலும் இழந்து நிற்கும் மாட்டுக்கு, தின்னவில்லையே என்ற கவலையில் அரிசிக் கஞ்சியும் கூடுதல் மாவும் ஊற்றினால் வயிறு புளித்துப் போகிறது. அன்பினால் செய்யப்படும் இந்தத் தவறை நான் ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன்.

இதன் இன்னொரு விளைவு பணத்திலும் மானத்திலும் விழுகிறது. வெப்பத்தில் பாலின் கொழுப்பும், எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருளும் சேர்ந்தே குறைகின்றன. அந்த அம்மா பால் ஊற்றும் இடத்தில் எஸ்.என்.எஃப். குறைவாகக் காட்டியதும், தண்ணீர் கலந்துவிட்டதாகப் பலர் முன்னிலையில் பேசப்பட்டிருக்கிறது. என்னிடம் அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. கோடையில் திடப்பொருள் குறைவது மாட்டின் உடலியல் என்பதைப் பாலை அளக்கும் இடத்தில் உள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டும். அளவு குறைந்ததற்கு விலையைக் குறைப்பது ஒன்று, உழைப்பவரின் நேர்மையைக் குறைப்பது வேறொன்று.

எல்லா உயிருக்கும் இது ஒரே மாதிரி இல்லை. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, தோலோ கறுப்பு. ஏரி வற்றிய ஊரில் அதன் நிலை மாட்டைவிட மோசம். கோழிக்கு வியர்வையே கிடையாது. அது இரைத்து இரைத்தே சூட்டைத் தள்ளுவதால் முட்டையின் ஓடு மெலிந்துபோகிறது. நம் நாட்டு மாடுகள் தாங்குகின்றன. புங்கனூர்க் குட்டை மாட்டின் தாயகமான புங்கனூர், 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன் எங்கள் வேலூரும் அடங்கியிருந்த வட ஆற்காட்டைச் சேர்ந்ததே. குட்டை மயிரும் தொங்குதாடியும் குறைந்த பாலும் குறைந்த உட்சூடுமாக, இந்த மண்ணின் வெயிலுக்கென்றே அமைந்த உடல் அது. ஆனாலும் அந்த அம்மாவிடம் நாட்டு மாட்டுக்கு மாறிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டின் செலவுகள் பன்னிரண்டு லிட்டர் கணக்கில் ஓடுகின்றன.

நாங்கள் செய்தவை எளியவை. தகரக் கதவைக் கழற்றிக் கம்பிக் கதவு போட்டார். எதிர்ச் சுவரில் மேல் இரண்டடிச் செங்கல்லைப் பெயர்த்துக் காற்றுக்கு வழிவிட்டார். ஷீட்டின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பினார். கறந்த பிறகு மாலையில் உடம்பை நனைத்து மின்விசிறி வைக்கச் சொன்னேன். காற்றோட்டம் இல்லாமல் வெறுமனே நனைத்தால் கொட்டகையில் புழுக்கம்தான் கூடும். தின்ற சில மணி நேரத்துக்குப் பிறகு வயிற்றில் சூடு கூடும் என்பதால் கோ-4 தீவனப் புல்லையும் மல்லாட்டை (நிலக்கடலை) கொடியையும் இரவு எட்டு மணிக்கும் விடியற்காலையிலும் மாற்றினோம். தீவனத்தில் 50 கிராம் ஆப்ப சோடாவும் கொஞ்சம் உப்பும் சேர்த்தோம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மாட்டின் வாய்க்கெட்டும் தூரத்தில் இரவு முழுவதும் தண்ணீர் இருக்கும்படி ஒரு தொட்டி வைத்தோம். அதுவரை இருட்டிய பின் அந்த மாட்டுக்குத் தண்ணீர் கிடைத்ததே இல்லை. அவிழ்த்துக் கொண்டுபோய்க் காட்டினால்தான் குடிக்கும். பத்து மணி நேரம் யார் அவிழ்ப்பது?

ஒன்பதாம் நாள் மீண்டும் அதே நேரத்துக்குப் போனேன். மாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. எண்ணிக்கை 48. அந்த அம்மா காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, மாடு எழுந்துவிடக் கூடாது என்று மெதுவாகவே பேசினார்.

அன்று முதல் என் நோட்டில் ஒவ்வொரு கோடை மாட்டுக்கும் வெப்பநிலை, மூச்சு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு: இரவில் படுத்ததா? அந்த மாட்டுக்குப் பால் மூன்று வாரத்தில் வேளைக்கு ஐந்து லிட்டர் வரை திரும்பியது. சினை மட்டும் பிடிக்கவில்லை. வெப்பத்தில் பழுதான கருமுட்டைகள் கழிந்து நல்லவை வளர்ந்து வர மாதங்கள் ஆகும் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஆடியில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை ஊசி போட்டும் நிற்கவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு போட்டது நின்றது.