செய்கூலி

பினாங்கு குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கம் அப்பாவுக்கு ஒரு நகைப் பட்டறை இருந்தது. பள்ளி விட்டதும் நேரே அங்கேதான் போவேன். யாராவது பழைய நகை கொண்டுவந்தால் உரைகல்லில் அதை ஓர் இழுப்பு இழுப்பார். பக்கத்திலேயே 916 தங்கத்தால் இன்னொரு கோடு, மேலே ஒரு சொட்டுத் திராவகம். இரண்டு கோடும் ஒரே மாதிரி நின்றால் 22 காரட். அப்புறம் தராசு. 8 கிராம் ஒரு பவுன். வாங்கும்போது செய்கூலி, சேதாரம் எல்லாம் கொடுத்தவர்களுக்கு, விற்கும்போது எடைக்கு மட்டும்தான் காசு. தன் கையால் செய்த சங்கிலியையே ஒருநாள் உருக்க வேண்டி வந்தது. “மூணு நாள் வேலைப்பா இது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

1996இல் நாங்கள் ஆறாம் ஆண்டு. மலேசியத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆரின் முடிவு வந்த அன்று, எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதியிருந்தார்கள். என் பெயரும் இருந்தது. என் பக்கத்து இருக்கை நண்பனின் பெயர் இல்லை.

நான்காம் ஆண்டு வரை அவனுக்கு எழுத்துக்கூட்ட வராது. தமிழ் டீச்சர் தினமும் ஓய்வு நேரத்தில் அவனை மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துக்கொள்வார். தன் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தைப் பிரித்து அவனுக்குப் பாதி கொடுப்பார். பொட்டலம் மடித்த தமிழ்ப் பத்திரிகைத் தாளை நீவி, “எனக்கு ஒரு வரி படிச்சுக் காட்டு” என்பார். எண்ணெய் பட்ட எழுத்துகளில் விரல் வைத்து அவன் திணறுவான். இப்படியே இரண்டு ஆண்டுகள்.

அன்று டீச்சர் எங்களையெல்லாம் பாராட்டிவிட்டு அவனைக் கூப்பிட்டார். பலகையைக் காட்டி, “படி” என்றார். எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக, உரக்க, அவன்தான் படித்தான். டீச்சரின் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

மாலையில் அப்பாவிடம் சொன்னேன். ஊதுகுழலைக் கீழே வைத்தார். என் மதிப்பெண்ணைக் கேட்கும் முன்பே, “அந்தப் பையன் தடுமாறாம படிச்சானா?” என்று கேட்டார்.

2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வையே எடுத்துவிட்டார்கள். நண்பன் இப்போது பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறான். நம் வாட்ஸ்அப் குழுவில் மெல்பர்னிலும் லண்டனிலும் இருக்கிற நாங்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறோம். அவன் மட்டும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறான்.

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாம் பள்ளிக்கு அனுப்பும் பரிசுகளில் ஒன்றை, மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல், வகுப்பாசிரியரைக் கேட்டுக் கொடுப்போம். முதல் ஆண்டுக்கான தொகையை நான் அனுப்பிவிடுகிறேன்.