ஈப்போவுக்குப் போய் வரும் நாள்கள்

2026 பிப்ரவரி 9, சுங்கை சிப்புட்
ஈப்போ கிளினிக்கிலிருந்து என் விந்தணு ரிப்போர்ட் வந்துவிட்டது. எண்ணிக்கை இருக்கிறது. அசைவு 0. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் போட்ட கணக்கில் கீழ்வரம்பே 42 சதவீதம்.

பிப்ரவரி 10
மழை. லாரியில் செம்பனைக் குலை ஏற்றவில்லை. யாரோடும் பேசவில்லை.

பிப்ரவரி 13
அசையாததெல்லாம் செத்ததல்ல என்றார் டாக்டர். நீர்த்த கரைசலில் விட்டுப் பார்த்தார்களாம். உயிருள்ளதன் வால் ஊதிச் சுருளும், செத்தது அப்படியே கிடக்கும். எனக்குச் சுருண்டவை நிறைய. அப்புறம் ஏன் நகரவில்லை? வாலின் உள்ளமைப்பிலேயே கோளாறு என்றால் மருந்துக்கும் மசியாமல் போகலாம். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார். வீடு வரும்வரை அதுவே காதில்.

பிப்ரவரி 16
வாலை அசைய வைக்கும் மருந்து, பென்டாக்ஸிஃபிலின். எங்கேயோ பார்த்த பெயர். அப்பாவின் மாத்திரை டின்னைத் திறந்தேன். அதேதான்! நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது என்று ரத்த ஓட்டத்துக்குக் கொடுத்தது. அட்டையில் கொஞ்சம் மிச்சம். விழுங்கிப் பார்ப்போமா?

பிப்ரவரி 17
சீனப் பெருநாள். கிளினிக் மூடல். எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கப் பட்டாசு.

பிப்ரவரி 20
விழுங்குவது வேறு, இது வேறு என்றாள் லேப் பெண். தட்டில் இருக்கும் துளியில்தான் கலப்பார்கள். செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்று ஒன்று. அதைச் சிதைக்கும் நொதியை மருந்து தடுக்கிறது. அது சேரச் சேர வால் அடிக்கத் தொடங்கும். துடிப்பதைப் பொறுக்கி, மருந்து போகக் கழுவி, முட்டைக்குள் ஊசியால் விடுவார்கள். காஃபினும் இதே குடும்பமாம். சொல்லாமல் இருந்திருக்கலாம். நாள் முழுக்க லாரியில் பாலில்லாத கோப்பி ஓ குடிக்கிறவன் நான். குடிப்பதெல்லாம் அந்த அளவுக்கு அங்கே போய்ச் சேராது என்று சிரித்தாள்.

பிப்ரவரி 21
கோப்பி குடிக்கவில்லை. தலைவலி.

பிப்ரவரி 22
குடித்தேன்.

பிப்ரவரி 24
அம்மா மறுபடியும் என் மனைவி சாந்தியைச் சாடையாக ஏதோ சொன்னாள். அவளிடம் ஒன்றுமில்லைம்மா, என்னிடம்தான் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். ரொம்ப நேரம் கழித்து, “லாரி இஞ்சின் சூடாய்யா?” என்றாள்.

கோளாறு அந்த வாலில்தானா? செத்ததாகவே இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

பிப்ரவரி 27
சாந்திக்கு முட்டை வளர ஊசி ஆரம்பம். வயிற்றில். நான்தான் போடுகிறேன். கை நடுங்குகிறது, திட்டுகிறாள்.

மார்ச் 4
இன்று நடுங்கவில்லை. ஆனாலும் திட்டு.

மார்ச் 11
முட்டை எடுத்தார்கள், 9. சாந்தி இன்னும் மயக்கம் தெளியாமல் படுத்திருக்கிறாள். என் சாம்பிளில் மருந்து விட்டாயிற்று. ஒன்று வாலை ஆட்டுகிறதாம். முன்னே போகவில்லை, நின்ற இடத்திலேயே. அது போதும் என்கிறாள் லேப் பெண். ஆனால் முட்டைக்கு ஒன்று வேண்டுமே, இன்னும் எட்டு? தேடுகிறார்கள். மணி 11.40. என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.