சாய்கோட்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். மும்பை சயானில் எங்கள் வீட்டு முன்னறையில் மாலை ஆறு மணிக்கு ஒன்பது பேர் உட்காருவார்கள். பெரும்பாலும் தாராவி 90 அடி ரோட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். மே மாதம் வந்தால் பாதிப் பேர் திருநெல்வேலிக்கு ரயிலேறிவிடுவார்கள். அவர்களுக்கு இணையத்தில்தான் வகுப்பு. போன வருடம் வெள்ளைப் பலகைக்கு எதிரே போனை நிறுத்திவைத்து நடத்தினேன். ட்யூப்லைட் பலகையில் பளிச்சென்று அடிக்கும். "டீச்சர், மையப்புள்ளி எங்கே என்று தெரியவில்லை" என்று ஒருவன் தினமும் கேட்பான். மையம் தெரியாமல் தொடுகோடு வரைய எப்படிக் கற்றுக்கொள்வது?

அதற்காகத்தான் இந்த ஜனவரியில், திரையை முழுவதும் பின்னுக்கு மடக்கி அதன் மேல் பேனாவால் எழுதுகிற தொடுதிரை லேப்டாப் ஒன்றை 72,000 ரூபாய்க்கு வாங்கினேன். 14 அங்குலத் திரை, 16 ஜிபி ராம் (லேப்டாப் வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்), 512 ஜிபி சேமிப்பு. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த விலையில் கிடைக்கும் எதை வாங்கினாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான். ஐந்து மாதம் தினமும் கையாண்ட பிறகு அவற்றை எழுதுகிறேன்.

கடைக்கு என் கொழுந்தன் கூட வந்தார். கணினி பழுது பார்ப்பதுதான் அவர் வேலை. தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டுக்குள் நுழைந்ததுமே, "பிராசஸர், ராம் இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணி. நீங்கள் எழுதிப் பாருங்கள்" என்றார். என் கைப்பையில் ஆறங்குலப் பிளாஸ்டிக் ஸ்கேல் இருந்தது. எந்தக் கடையிலும் பேனாவைக் கொடுத்தால் எல்லோரும் தங்கள் பெயரைக் கிறுக்குவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். வேகமாக எழுதும்போது எல்லாப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். நான் ஸ்கேலைத் திரையில் சாய்வாக வைத்து, பேனாவை மிக மெதுவாக இழுத்தேன். முதல் லேப்டாப்பில் கோடு புழு ஊர்ந்த தடம் மாதிரி நெளிந்தது. ஸ்கேலை நகர்த்திவிட்டேனோ என்று மறுபடி இழுத்தேன். அதே நெளிவு, அதே இடைவெளிகளில்.

கொழுந்தன்தான் காரணம் சொன்னார். கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்கம்பி வலை ஓடுகிறது. பேனா முனை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இருக்கும்போது, அது எங்கே இருக்கிறது என்று லேப்டாப் கணக்கிட்டுத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கில் ஏற்படும் சிறு பிழை, மெதுவாகச் சாய்த்து இழுக்கும்போது ஒவ்வொரு கம்பியைக் கடக்கையிலும் வெளியே தெரிகிறது. விளம்பரத்தில் 4096 அழுத்த நிலைகள் என்று பெரிதாகப் போடுவார்கள். அழுத்தினால் கோடு தடிக்கும் என்பதற்குமேல் அதில் எனக்கு ஒன்றுமில்லை. முக்கோணம் வரைகிறவளுக்கு நேர்கோடு நேராக வர வேண்டும். மூன்றாவதாகப் பார்த்ததில் நெளிவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருந்தது. அதைத்தான் வாங்கினேன். (இரும்பு ஸ்கேலைக் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடியில் கீறல் விழலாம். கை பட்ட உலோகம் என்பதால் திரை அதையும் ஒரு விரலாக எடுத்துக்கொள்ளலாம்.)

உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதப் பழகுவதற்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது. பேனா முனை கண்ணாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அருகில் வந்ததுமே திரை அதைக் கண்டுகொண்டு, கை படுவதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. நானோ நோட்டில் எழுதுவதுபோல முதலில் கையை வைத்துவிட்டுப் பிறகு பேனாவைக் கொண்டுபோனேன். அந்த அரை நொடியில் ஒரு திட்டு விழும், சில சமயம் பக்கமே நழுவி ஓடிவிடும். இப்போது பேனா முதலில், கை பிறகு. எழுதும் செயலியில் விரலால் வரைவதை நிறுத்திவைக்கும் வசதியும் இருக்கிறது. அதை முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் நிறையப் பக்கங்கள் பிழைத்திருக்கும்.

கீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2012-இல் விண்டோஸ் 8 வந்த சமயத்தில் லெனோவோவின் யோகா இப்படி 360 பாகை திரும்பும் கீலோடு வந்தது. பிறகு மற்ற நிறுவனங்கள் பலவும் அதைப் பிடித்துக்கொண்டன. திரையைச் சாதாரணமாக நிமிர்த்தி வைத்து விரலால் தொட்டால் ஒவ்வொரு தொடுதலுக்கும் திரை ஆடும். கூடாரம்போலக் கவிழ்த்து நிறுத்தினால் ஆடாது. ஒன்பது பேருக்கும் படத்தைக் காட்ட அதுதான் வசதி. முழுவதும் மடக்கிப் பலகையாக்கினால் விசைப்பலகை அடிப்பக்கம் போய்விடும். அப்போது விசைகள் வேலை செய்யாது, அதனால் பயமில்லை. ஆனால் மேசையில் வழுக்கும், அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டிருக்கிறேன். கையில் ஏந்தி எழுதலாம் என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கிறது, பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. மடியில் வைத்தால் காற்றுத் துளைகளைப் புடவை மூடிவிடுகிறது, தொடை சுடுகிறது. மேசையில் வைத்து எழுதுவதற்கான பொருள் இது.

மழை தொடங்கிவிட்டது. நனைந்த குடையோடு நுழைந்த ஒரு பெண் திரைமேல் இரண்டு சொட்டு விழவிட்டாள். அந்தச் சொட்டுகளை விரல் என்று எண்ணிக்கொண்டு லேப்டாப் தானாகவே எதையோ திறந்து மூடியது. வியர்வைக் கையும் கண்ணாடியில் ஒட்டி இழுக்கிறது. பழைய பருத்தித் துணி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கிறது. பேனாவுக்குள் ஏஏஏஏ வகை பாட்டரி, சாதாரண மெல்லிய பாட்டரியைவிடவும் ஒல்லியானது. தெருமுனைக் கடைகளில் கிடைக்கவில்லை; வகுப்பு நடுவே ஒருநாள் தீர்ந்துபோய் விரலால் வட்டம் வரைந்து சமாளித்தேன். இணையத்தில் நான்காக வாங்கி வைத்துக்கொண்டேன்.

என்னை இன்னும் உறுத்துகிற விஷயம், ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்பது. பிறகு கூட்டிக்கொள்ள வழியில்லை. அதனால்தான் 8 ஜிபியை வாங்க விடாமல் கொழுந்தன் தடுத்தார், சரியாகத்தான் செய்தார். தொடுகண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. கண்ணாடி மட்டும் உடைந்தாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒன்பது பிள்ளைகள் பையோடு நடமாடும் அறை என்பதால் விபத்துக் காப்பும் சேர்த்து எடுத்தேன். ட்யூப்லைட் இந்தக் கண்ணாடியிலும் அடிக்கத்தான் செய்கிறது, ஆனால் அது என் கண்ணுக்குத்தான். திருநெல்வேலியில் இருப்பவர்களுக்குத் திரையில் இருப்பது மட்டுமே போகிறது, வெளிச்சம் போவதில்லை. இந்த மே மாதம் மையப்புள்ளியை யாரும் கேட்கவில்லை.

மேல்மாடியில் இருப்பவரின் மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். என் லேப்டாப்பை ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எனக்கும் இதையே வாங்கித்தரச் சொல்லவா?" என்றாள். தினமும் பேனாவால் எதை எழுதுவாய் என்று கேட்டேன். கணக்குப் பதிவும் எக்செல்லும்தான், எல்லாம் விசைப்பலகையில் என்றாள். அப்படியென்றால் கீலுக்கும் பேனாவுக்கும் கொடுக்கும் பணத்தில் ஒளி பிரதிபலிக்காத திரையும் ராம் கூட்ட இடமும் இருக்கும் சாதாரண லேப்டாப்பாகப் பார்க்கச் சொன்னேன். சனிக்கிழமை கொழுந்தன் அவளையும் அவள் அப்பாவையும் லேமிங்டன் ரோட்டுக்கு அழைத்துப் போகிறார்.