குவைத் நாட்குறிப்பு: ஒக்டோபர் 2018

5, வெள்ளி
மகள் பெரியபிள்ளை ஆகி மூன்று நாளாம். எனக்கு இன்றுதான் சொல்கிறார்கள். "நீ அங்கே இருந்து அழுவாய், அதுதான் சொல்லவில்லை" என்கிறா அம்மா. அழத்தான் செய்தேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு.

6, சனி
பச்சை முட்டை குடித்தாளா? நல்லெண்ணெய் கொடுத்தார்களா? உளுத்தங்களி கிண்டியது யார்? எல்லாவற்றுக்கும் "ஓம் அம்மா" மட்டும்தான் பதில்.

8, திங்கள்
நான் வேலை செய்யும் வீட்டு மேடத்தின் மகளுக்கு வயிற்றுவலி. அவளுக்கும் பன்னிரண்டு வயது. சுடுதண்ணீர்ப் பை வைத்து, தூங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்த முதல் இரவில் என் பிள்ளையின் பக்கத்தில் யார் படுத்தார்கள்? கேட்க வாய் வரவில்லை.

10, புதன்
தூக்கம் இல்லை. அந்தக் குடும்பப் பின்னணி அறிக்கைதான் திரும்பத் திரும்ப வருகிறது. 2013 இல் இலங்கை அரசாங்கம் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போக முடியாது. மகனுக்கு ஐந்து முடியும்வரை கடன்காரருக்குத் தவணை சொல்லிக்கொண்டு இருந்தேன். பிறகு கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று அலைச்சல். பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற இடத்தில் அம்மா கையெழுத்து வைத்தா. இவர் கத்தாருக்குப் போகும்போது மகளுக்கு இரண்டு வயது. அவரிடம் யாரும் ஒரு தாள் கேட்கவில்லை. காசு அனுப்பினார், நல்ல தகப்பன் என்றார்கள். நானும் அனுப்புகிறேன். ஊரில் எனக்கு என்ன பெயர் என்று தெரியும்.

12, வெள்ளி
டிசம்பர் விடுமுறையில் மண்டபம் எடுத்துச் சடங்கு செய்வோம் என்றேன். வேண்டாம் என்கிறாள். வகுப்புப் பையன்கள் எல்லாம் படம் பார்ப்பார்களாம், வெட்கமாம். எனக்குச் செய்தபோது என்னிடம் யார் கேட்டார்கள்? செய்யாமல் விட்டால் தாய் பார்க்காத பிள்ளை என்று பேசமாட்டார்களா? சரி, அந்தக் காசுக்கு என்ன வேண்டும் சொல் என்றேன்.

"டிக்கெட் போட்டு வாங்கோ."

13, சனி
ஒன்றும் எழுத வரவில்லை.

17, புதன்
ஒப்பந்தம் முடியப் பெப்ரவரி ஆகும். இடையில் போனால் டிக்கெட் கைக்காசு. திரும்பி வந்தால் இந்த வேலை இருக்குமா? உளுத்தங்களிக்கு எவ்வளவு நல்லெண்ணெய் விட்டார்களோ.

19, வெள்ளி
காலை ஆறரைக்கு மகளே அழைத்தாள். அங்கே ஒன்பது மணி. துணியில் கறை போக என்ன செய்ய வேண்டும் என்று மெல்லக் கேட்டாள். பச்சைத் தண்ணீரில் ஊறவை, சுடுதண்ணீர் விடாதே என்று இரண்டு தரம் சொன்னேன். அம்மம்மா பக்கத்தில்தான் இருந்தா. ஆனாலும் என்னிடம் கேட்டாள்.

21, ஞாயிறு
மேடத்திடம் கேட்டுவிட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றா.