எழுப்புதலுக்குப் பிந்திய ஆண்டுகள்

கடந்த மாதம் எங்கள் சபையில் நடந்த உபவாச ஜெபத்தில், "ஆண்டவரே, எங்கள் நாட்களில் ஓர் எழுப்புதலைத் தாரும்" என்ற விண்ணப்பம் பலமுறை ஏறெடுக்கப்பட்டது. பலர் ஒரே காலத்தில் மனந்திரும்பி விசுவாசத்தில் அனல்கொள்வதையே எழுப்புதல் என்கிறோம். நானும் முழு மனதோடு ஆமென் சொன்னேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்ந்தது: இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த சிறப்புக் கூட்டங்களில் தங்களை ஒப்புக்கொடுத்த 17 பேர் இன்று எங்கே இருக்கிறார்கள்?

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், கிறிஸ்து அவர்களிடத்தில் உருவாகுமளவும் அவர்களுக்காக "மறுபடியும்" கர்ப்பவேதனைப்படுவதாகப் பவுல் சொல்கிறார். அவர்கள் ஏற்கெனவே விசுவாசித்தவர்கள், ஆவியைப் பெற்றவர்கள். அப்படியிருந்தும் அப்போஸ்தலனுக்கு இரண்டாவது வேதனை ஒன்று இருந்தது. முதல் வேதனை ஒருவன் பிறப்பதற்காக. இரண்டாவது, பிறந்தவனுக்குள் கிறிஸ்துவின் சாயல் உருவாவதற்காக. முதல் வேதனைக்கு நம் சபைகள் மனதார ஆயத்தப்படுகின்றன. மேடை, பாடகர் குழு, ஒருவர் மாற்றி ஒருவர் இடைவிடாமல் செய்யும் சங்கிலி ஜெபம் என எல்லாம் ஒழுங்காகவே நடக்கின்றன. இரண்டாவது வேதனையைச் சுமப்பவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இருப்பதில்லை.

எழுப்புதல்களின் வரலாற்றை வாசிக்கும்போது இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1734-35இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலிருந்த நார்த்தாம்ப்டன் என்னும் ஊரில், போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸின் ஊழியத்தின்கீழ் பெரிய எழுப்புதல் உண்டானது. ஏறக்குறைய அரை ஆண்டில் 300க்கும் மேற்பட்டோர் மனந்திரும்பியதாக அவரே கணித்து எழுதினார். அதே சபை 1750இல் வாக்கெடுத்து, தன் போதகராகிய அவரை நீக்கியது. காரணங்கள் பல இருந்தாலும், மெய்யான விசுவாச அறிக்கை செய்கிறவர்களே திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றதே முதன்மையானது. எழுப்புதலின் அனலில் கண்ணீர்விட்டவர்களில் பலர், பதினைந்து ஆண்டுகள் கழித்து, தங்களை ஆராய்ந்து பார்க்கும்படி கேட்ட மேய்ப்பனைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களாக இருந்தார்கள். அந்த எழுப்புதல் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. உணர்ச்சியின் ஆழத்தைக் கொண்டு ஒருவருடைய முதிர்ச்சியை அளக்க முடியாது என்பதை எட்வர்ட்ஸே தம் பிற்கால எழுத்துகளில் வலியுறுத்தினார். நடக்கையில் நிலைத்துநிற்கும் கனியையே அவர் நம்பத்தக்க அடையாளமாகக் கருதினார்.

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதை இன்னும் கடுமையாகச் சொன்னார். வேல்ஸ் நாட்டின் பெம்ப்ரோக்‌ஷயர் பகுதியில் இருபது ஆண்டுகளாகப் பிரசங்கம் நடந்திருந்தது; ஆனால் விழிப்படைந்தவர்களை ஒன்றுசேர்த்துப் பயிற்றுவிக்கும் ஒழுங்கு அங்கே இல்லை. 1763இல் அதைக் கண்ட அவர், ஒருகாலத்தில் விழித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் முன்பைவிட ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பதாகவும், சேர்த்துப் பயிற்றுவிக்காமல் பிரசங்கிப்பது கொலைகாரனாகிய சாத்தானுக்கென்று பிள்ளை பெறுவதற்கே ஒப்பாகும் என்றும் தம் நாட்குறிப்பில் எழுதினார். விசுவாசிகளைச் சிறு குழுக்களாகப் பராமரித்த அவருடைய வகுப்புக் கூடுகைகளின் தொடக்கமோ வியப்பானது. 1742இல் பிரிஸ்டலில், ஜெபவீட்டின் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிப்பதற்காகவே உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். காசு வாங்க வீடுகளுக்குச் சென்ற தலைவர்கள், அந்த வீடுகளில் யார் தளர்ந்திருக்கிறார், யார் பாவத்தில் சிக்கியிருக்கிறார் என்பதைக் கண்டார்கள். அப்படியே அந்த ஏற்பாடு மேய்ப்புப் பணியாக மாறியது.

1727 ஆகஸ்ட் 13 அன்று ஜெர்மனியிலுள்ள சாக்சனியின் ஹெர்ன்ஹூட்டில், விசுவாசத்தினிமித்தம் அடைக்கலம் தேடி வந்து குடியேறிய மொரேவியர்கள்மேல் ஆவியானவர் இறங்கிய நாளையும், நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்த அவர்களுடைய ஜெபச் சங்கிலியையும் நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொண்டிருந்த அந்தக் குடியிருப்பு மக்களை, அவர்களுக்கு இடம் கொடுத்த பிரபுவாகிய சின்சென்டார்ஃப் சந்தித்துப் பேசி வந்ததையும், அதே ஆண்டு மே மாதத்தில் அவர்கள் சகோதர உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டதையும் நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. மேய்ப்பனின் பொறுமையான உழைப்பு எழுப்புதலுக்குப் பிறகு மட்டுமல்ல, அதற்கு முன்பும் அங்கே இருந்தது.

இந்தப் பாரம் என் சொந்த வாழ்க்கையிலிருந்தும் வருகிறது. பத்தொன்பது வயதில், ஒரு கூட்டத்தின் முடிவில் அழுதுகொண்டே முன்னால் சென்றேன். ஒரு அட்டையில் பெயரும் முகவரியும் எழுதிக்கொடுத்தேன். அதன்பின் பல மாதங்கள் என்னை யாரும் தேடவில்லை. பழைய கோபமும் பழைய பொய்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சபையிலிருந்த வயதான ஒரு தாயார்தான், சனிக்கிழமை மாலைகளில் மாற்குவின் சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசிக்கலாம் என்று என்னை அழைத்தார். பெரிய விளக்கங்கள் எதுவும் அவர் தரவில்லை. வாசித்து முடித்ததும், "தம்பி, இந்த வாரம் யார்மேல் உனக்குக் கோபம் வந்தது? அதை என்ன செய்தாய்?" என்று கேட்பார். பதில் சொல்லக் கூசினேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அதே கேள்வி வரும் என்ற நினைவு, வாரத்தின் நடுவில் பலமுறை என் வாயைக் காத்தது. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. நான் இன்று விசுவாசத்தில் நிற்பதற்கு, கிருபைக்கு அடுத்தபடியாக, அந்தச் சனிக்கிழமைகளே காரணம்.

எபிரெயர் 5:14, நன்மை தீமை இன்னதென்று "பயிற்சியினால்" பகுத்தறிகிறவர்களையே பூரண வயதுள்ளவர்கள் என்று அழைக்கிறது. பயிற்சி என்பது ஒரே இரவில் கிடைப்பதில்லை. பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3000 பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று சொல்லும் அப்போஸ்தலர் 2:41ஐ நாம் உரத்த குரலில் வாசிக்கிறோம். அவர்கள் உபதேசத்திலும் அந்நியோந்நியத்திலும் அப்பம் பிட்குதலிலும் ஜெபம்பண்ணுதலிலும் "உறுதியாய்த் தரித்திருந்தார்கள்" என்ற அடுத்த வசனத்தை விரைவாகக் கடந்துவிடுகிறோம். பவுலும் எபேசுவில் ஒரு வாரக் கூட்டம் நடத்திவிட்டுப் புறப்படவில்லை. மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் கண்ணீரோடு ஒவ்வொருவருக்கும் புத்தி சொன்னதாக அந்தச் சபையின் மூப்பர்களிடம் நினைவூட்டினார். ஒவ்வொருவருக்கும் என்ற அந்தச் சொல் என்னை மிகவும் தாழ்த்துகிறது.

உபவாச ஜெபத்துக்கு மறுநாள், அந்த 17 பேரின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி எங்கள் போதகரிடம் கொண்டுபோனேன். ஆறு பேர் தவறாமல் ஆராதனைக்கு வருகிறார்கள். நான்கு பேர் வேறு சபைகளில் இருக்கிறார்கள். மற்ற ஏழு பேரைப் பற்றி எங்கள் இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. போதகர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாம் இருவரும் பிரித்துக்கொள்வோம்" என்றார். என் பங்குக்கு மூன்று பெயர்கள் வந்தன. அவர்களில் ஓர் இளைஞர் மட்டும் தொலைபேசியை எடுத்தார். வருகிற சனிக்கிழமை மாலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாற்குவின் முதலாம் அதிகாரத்திலிருந்து தொடங்க இருக்கிறோம்.