ஷூ பாலிஷ் பட்ட பந்து

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடிய நாட்களில், தகராறு இல்லாமல் முடிந்த ஆட்டம் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. பந்து மட்டையில் உரசியதா, காலில் பட்டதா என்ற வழக்கைப் பல சமயங்களில் சாக்கடையே தீர்த்துவைக்கும். அதில் விழுந்து எழுந்த பந்தின் கறுப்புக் கறை கால்சட்டையில் இருந்தால் மறுபேச்சு கிடையாது.

பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கணக்கு வேலையை இரவுப் பணியாகச் செய்துகொண்டிருந்தபோதுதான் பேஸ்பால் எனக்கு அறிமுகமாயிற்று. அக்டோபரில் நான் கடற்கரை நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் அதிகாலையில்தான் அங்கே முந்தைய நாள் இரவின் வேர்ல்டு சீரிஸ் ஆட்டம், அதாவது பேஸ்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரின் ஆட்டம், தொடங்கும். கைப்பேசியில் ஸ்கோர் பார்க்கும் பழக்கம், பழைய சாம்பியன்களைத் தேடிப் படிப்பதில் கொண்டுபோய் விட்டது.

எளிய அணி வென்ற கதை என்றவுடன் பலரும் 2004ஆம் ஆண்டின் பாஸ்டன் ரெட் சாக்ஸைச் சொல்வார்கள். அரையிறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்து, அடுத்த நான்கையும் வென்று, பிறகு சாம்பியன் பட்டத்துக்கான 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்த அணி அது. அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பணத்தை வாரி இறைத்து வீரர்களைச் சேர்த்திருந்த அந்த அணியை ஏழை வீட்டுப் பிள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

என் ஓட்டு 1969ஆம் ஆண்டின் நியூயார்க் மெட்ஸுக்கே. 1962இல் தொடங்கிய முதல் சீசனில் 40 வெற்றி, 120 தோல்வி. அதன்பின் 1968 வரை பத்து அணிகள் கொண்ட லீக்கில் ஒன்பதாம் இடத்தைத் தாண்டாத அணி. 1969 ஆகஸ்ட் நடுவில்கூட சிகாகோ கப்ஸுக்குப் பத்து ஆட்டங்கள் பின்தங்கியிருந்த அது, மேலாளர் கில் ஹாட்ஜஸின் கீழ் 100 வெற்றிகளுடன், கப்ஸைவிட எட்டு ஆட்டங்கள் முன்னேறி சீசனை முடித்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. பேஸ்பாலில் பிட்சர் எனப்படும் பந்துவீச்சாளர் ஒருவர் நல்லவராக அமைந்துவிட்டால், எதிரணி மட்டையாளர்கள் ஒன்பது பேரையும் அவர் ஒருவரே ஒருநாள் முழுக்கக் கட்டிப்போட முடியும். மெட்ஸிடமோ 25 வெற்றி பெற்ற டாம் சீவரும் 17 வெற்றி பெற்ற ஜெரி கூஸ்மனும் இருந்தார்கள். ஜூலையில் கடைசி இடத்தில் கிடந்து, அக்டோபரில் வேர்ல்டு சீரிஸில் பிலடெல்ஃபியாவை 4-0 என்று வீழ்த்திய 1914ஆம் ஆண்டின் பாஸ்டன் பிரேவ்ஸுக்கும் ரூடால்ஃப், ஜேம்ஸ் என்று ஆளுக்கு 26 வெற்றி பெற்ற இரு பிட்சர்களே அச்சாணி.

1969 வேர்ல்டு சீரிஸில், 109 வெற்றிகளுடன் வந்த பால்டிமோர் ஓரியோல்ஸிடம் முதல் ஆட்டத்தை இழந்த மெட்ஸ், அடுத்த மூன்றையும் வென்றது. ஐந்தாம் ஆட்டத்தில் 3-0 என்று பின்தங்கியிருந்த வேளையில், மெட்ஸ் மட்டையாளர் க்ளியோன் ஜோன்ஸின் காலருகே விழுந்த பந்து மெட்ஸ் வீரர்கள் உட்காரும் இடத்துக்குள் ஓடியது. பேஸ்பாலில் பிட்சர் வீசிய பந்து மட்டையாளரின் உடலில் பட்டால் அவருக்கு முதல் பேஸ் இலவசம். காலில் படவில்லை என்றார் அம்பயர். ஹாட்ஜஸ் பதறாமல் பந்தை ஏந்தி வந்து அதிலிருந்த ஷூ பாலிஷ் கறையைக் காட்ட, அம்பயர் ஜோன்ஸை முதல் பேஸுக்கு அனுப்பினார். அடுத்து வந்த டான் க்ளெண்டெனன் ஹோம் ரன் அடித்து இரண்டு ரன் சேர்த்தார். சீசன் முழுவதும் இரண்டே ஹோம் ரன் அடித்திருந்த ஆல் வைஸ் இன்னொன்றை அடித்துச் சமன் செய்தார். 5-3 என்று மெட்ஸ் சாம்பியன் ஆனது.

அந்தப் பந்தை ஹாட்ஜஸ் சொல்லித் தன் ஷூவில் தேய்த்தது தான்தான் என்று கூஸ்மன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இதைப் படித்த அன்று நான் தனியாகச் சிரித்தேன். சாக்கடைச் சேற்றைக் கட்டைவிரலில் தொட்டு, யாரும் பார்க்காதபோது முழங்காலில் தடவிக்கொண்டு, "கால்லதான்டா பட்டுச்சு" என்று அம்மா மேல் சத்தியம் செய்தவர்களில் நானும் ஒருவன்.