தொலைஞ்ச பாக்கெட்ட மூணு நாள் தப்பான எடத்துல தேடுன கதை

ஒரு அப்ளிகேஷன் அப்பப்போ திணறுதுன்னு சுவிட்ச்ல மிரர் போர்ட் (லிங்க்ல போற வர்ற பாக்கெட்டயெல்லாம் நகல் எடுத்து அனுப்புற போர்ட்) போட்டு, லினக்ஸ் பெட்டில டிசிபிடம்ப்ங்கிற டூல வச்சு அதையெல்லாம் புடிக்குற கேப்சர் ஓடவிட்டேன். நிறுத்துனா டிசிபிடம்ப் கடைசி வரில "டிராப்டு பை கெர்னல்"னு ஆறு இலக்கத்துல நம்பர்! அதாவது டிசிபிடம்ப் எடுத்துக்கறதுக்குள்ள எடமில்லாம லினக்ஸே கீழ போட்ட பாக்கெட்.

சரி, தெரிஞ்ச வியாதிதானேன்னு மைனஸ் டபிள்யூ போட்டு ஃபைலுக்கு எழுதவிட்டு, பாக்கெட்டோட தலைப்பகுதி (ஹெடர்) போதும்னு, மொத 128 பைட் மட்டும் எடுக்குற மைனஸ் எஸ் 128ம் போட்டேன். அப்புறம் பாக்கெட் காத்திருக்குற பஃபர ஏத்தலாம்னு மைனஸ் பெரிய பி 64. டிராப் இன்னும் கூடிடுச்சு. அந்த ஆப்ஷன் கேக்குறது கேபி கணக்குல, நான் எம்பின்னு நெனச்சுட்டேன். லினக்ஸ்ல டீஃபால்ட்டே 2 எம்பி, அதையும் கொறச்சு வச்சிருக்கேன் பாருங்க. ஒரு மதியம் காலி. 65536னு மாத்துனதும் டிராப் ஜீரோ.

ஆனா கேப்சர பிரிச்சுக் காட்டுற வயர்ஷார்க்ல தொறந்தா மறுபடியும் ஓட்டை ஓட்டையா "ஏசிகே'ட் அன்ஸீன் செக்மென்ட்". அதாவது "கெடச்சுது"ன்னு சொல்ற பதில் (ஏசிகே) இருக்கு, அந்தப் பாக்கெட் கேப்சர்ல இல்ல. நெட்வொர்க் கார்டோட கணக்கக் காட்டுற ஈத்டூல் மைனஸ் பெரிய எஸ்ல பாத்தா கார்டுலயே மிஸ்டு எரர்ஸ் (எடமில்லாம கார்டு விட்ட பாக்கெட்) ஏறிட்டு இருக்கு. கார்டோட ரிங் பஃபர 512லேர்ந்து 4096க்கு ஏத்துனேன், அதுவும் நின்னுச்சு. ஓட்டை மட்டும் போகல.

இதுல நெட்வொர்க் டீம் ஆளு வேற, "சார், கிராஃப்ல லிங்க் 40 சதவீதம்தான் போகுது, எங்க பக்கம் ஒண்ணும் இல்ல"ன்னு டிக்கெட்ட மூடிட்டாரு. அத நம்பி ரெண்டு நாள் இன்டரப்ட், சிபியு, லினக்ஸோட பாக்கெட் கணக்கான சாஃப்ட்நெட்ஸ்டாட்னு கேப்சர் பெட்டியக் கொடஞ்சேன்.

அப்புறம்தான் உறைச்சுது: அந்தப் பாக்கெட்டுக்கு ஏசிகே வந்திருக்குன்னா அது போய்ச் சேந்தாச்சு, என் கண்ணுலதான் படல. டிசிபிடம்ப் தன் கைக்கு வந்ததத்தான் எண்ணும், சுவிட்ச்லயே விழுந்தா அதுக்கு எப்படித் தெரியும்? 1 ஜிகாபிட் லிங்க்க ரெண்டு திசையும் சேத்து மிரர் பண்ணா 2 ஜிகாபிட் வரைக்கும் வரும், அத 1 ஜிகாபிட் போர்ட்டுக்குள்ள திணிச்சிருக்கோம். அந்த 40 சதவீதம் அஞ்சு நிமிஷ சராசரி, சில மில்லிசெகண்ட் பொங்கி வழியுறதெல்லாம் அதுல தெரியவே தெரியாது. மிரர் போர்ட்டோட அவுட்புட் டிராப்ஸ் (வெளிய அனுப்ப முடியாம சுவிட்ச் கீழ போட்ட பாக்கெட் எண்ணிக்கை) கேட்டு வாங்கிப் பாத்தேன், சரசரன்னு ஏறிட்டு இருக்கு. மொத நாளே கேட்டிருக்கணும், நீங்களாவது கேளுங்க.

போறதுக்கு ஒரு போர்ட், வர்றதுக்கு ஒரு போர்ட்னு பிரிச்சு, ரெண்டு ஃபைலையும் மெர்ஜ்கேப்ங்கிற டூல்ல சேத்தேன். ஒரு ஓட்டை இல்ல. திணறலுக்குக் காரணமும் அதுலயே கெடச்சுது, சர்வர் பக்கத்துலேர்ந்து வரிசையா "ஜீரோ விண்டோ", அதாவது "எங்கிட்ட எடமில்ல, இப்போ அனுப்பாதே". அப்ளிகேஷன் வந்த டேட்டாவ எடுத்துப் படிக்கவே இல்ல. நெட்வொர்க் ஆளு சொன்னதுல அது மட்டும் சரிதான், அவங்க பக்கம் ஒண்ணும் இல்ல!